வரைபடம் ஒன்று சொல்கிறது, விமானக் கணினி வேறொன்று செய்கிறது: வீட்டுச் சிமுலேட்டரில் பறப்புத் திட்டம் குறித்து ஒரு பதில்

கல்முனையிலிருந்து எழுதியிருக்கும் தம்பி, உங்கள் கேள்வியை நான் விளங்கிக்கொண்டபடி முதலில் திருப்பிச் சொல்கிறேன். உயர்தரப் பரீட்சை முடித்துப் பெறுபேற்றுக்காகக் காத்திருக்கும் இந்த மாதங்களில் கணினியில் விமானம் ஓட்டத் தொடங்கியிருக்கிறீர்கள். இரத்மலானையிலிருந்து மட்டக்களப்புக்குச் சிறிய விமானத்தில் போனால், விமானக் கணினியின் பட்டியலில் மட்டக்களப்புக்கென்று ஓர் அணுகல் முறைகூட (ஓடுபாதையை நோக்கி இறங்கும் வழி) இல்லை. கட்டுநாயக்கவிலிருந்து சென்னைக்கு ஏ320 பயணிகள் விமானத்தில் போனால், இணையத்தில் தயாரித்த திட்டத்தில் உள்ள வருகைப் பாதையின் பெயர் விமானத்தில் இல்லை. பாதையின் நடுவே 'டிஸ்கொன்டினியுட்டி' என்று ஒரு வெட்டு விழுகிறது. இறங்க வேண்டிய இடம் வந்தும் விமானம் மேலேயே போய்க்கொண்டிருக்கிறது. இவற்றையெல்லாம் அடுக்கிவிட்டு, மாதச் சந்தா கட்டி ஒரு வரைபடச் சேவையை வாங்கினால் இந்தத் தொல்லைகள் தீருமா என்று முடித்திருக்கிறீர்கள். உண்மையில் நீங்கள் கேட்பது சந்தாவைப் பற்றி அல்ல என்று நினைக்கிறேன். பிழை உங்களுடையதா, சிமுலேட்டருடையதா என்பதே உங்களை உறுத்தும் கேள்வி. பாதி உங்களுடையது, பாதி அதனுடையது என்பது என் பதில். எந்தப் பாதி எது என்று பிரித்துக் காட்டுவதற்கே இவ்வளவு நீளம் தேவைப்படுகிறது.

என்னைப் பற்றியும் ஒரு வார்த்தை. நான் விமானி அல்லன். வளைகுடா நாட்டு விமான நிறுவனமொன்றின் பறப்புத் திட்டப் பிரிவில் பதினான்கு வருடம் தரையிலிருந்து வேலை செய்தவன். பாதை, எரிபொருள், காலநிலை, மாற்று விமான நிலையம் ஆகியவற்றைக் கணக்கிட்டு விமானியின் கையில் கொடுப்பதே எங்கள் தொழில். ஊருக்குத் திரும்பிக் கல்லடியில் இருக்கும் இந்த ஆறு வருடமும் சிமுலேட்டர்தான் என் மாலைப் பொழுது. ஆகையால் தரவு, வரைபடம், கணக்கு பற்றி நான் சொல்வதை உறுதியாக எடுத்துக்கொள்ளலாம். விமானி அறையில் கைப்பழக்கத்தால் வருகிற விடயங்களை ஒரு விமானியிடம் கேட்டுச் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

முதலில் பெயர் பொருந்தாத சிக்கல். இதில் எனக்குச் சந்தேகமே இல்லை. உங்கள் மேசையில் ஒரு பறப்புக்கு மூன்று ஆவணங்கள் இருக்கின்றன: திட்டத்தைத் தயாரித்த இணையச் சேவையின் தரவு, விமானக் கணினிக்குள் இருக்கும் தரவு, நீங்கள் திறந்து பார்க்கும் வரைபடம். இம்மூன்றும் ஒரே நாளில் பிறந்தவை என்று நீங்கள் நம்புகிறீர்கள். அவை அப்படிப் பிறந்தவை அல்ல. உலகெங்கும் வான்வழித் தகவல்கள் 28 நாட்களுக்கு ஒருமுறை, எப்போதும் ஒரு வியாழக்கிழமையில், புதுப்பிக்கப்படுகின்றன. அந்தச் சுற்றுக்கு 'ஏராக்' என்று பெயர். நான்கு இலக்கங்களில் முதல் இரண்டு வருடத்தையும் அடுத்த இரண்டு அந்த வருடத்தின் எத்தனையாவது சுற்று என்பதையும் காட்டும். 2501 என்றால் 2025 இன் முதற் சுற்று. அது அந்த வருடம் ஜனவரி 23 அன்று நடைமுறைக்கு வந்தது. பறப்புத் திட்டம் தயாரித்துத் தரும் சிம்பிரீஃப் சேவையைச் சந்தா இல்லாமல் பயன்படுத்தினால் கிடைப்பது பழைய சுற்றொன்றின் தரவு. சிமுலேட்டர் தன் போக்கில் வேறொரு சுற்றை வைத்திருக்கும். நீங்கள் எங்கோ தேடிப் பிடித்த வரைபடம் மூன்றாவது சுற்றாக இருக்கும். ஒரு வருகைப் பாதையில் ஓர் உயரத்தை மாற்றினால்கூட அதன் பெயரிலுள்ள இலக்கம் ஒன்று கூடிவிடும். நேற்று 1ஏ ஆக இருந்தது இன்று 2ஏ. விமானக் கணினிக்கு இவை இரண்டும் முற்றிலும் வேறு பாதைகள். ஆகவே 'இல்லை' என்று அது சொன்னால், அதே பெயரில் அடுத்த இலக்கத்தையும் முந்தைய இலக்கத்தையும் தேடிப் பாருங்கள். பெரும்பாலும் அங்கே இருக்கும். தெரிவு செய்த பிறகு புள்ளிகளை வரைபடத்தோடு ஒவ்வொன்றாக ஒப்பிட்டுக்கொள்ளுங்கள்.

தரவு ஒருபுறமிருக்க, சிமுலேட்டரின் நிலக்காட்சிக்கும் ஒரு வயது இருக்கிறது. 2006 இல் வந்த எஃப்.எஸ்.எக்ஸ். என்ற சிமுலேட்டர் மென்பொருளை இன்னும் சிலர் பழைய கணினிகளில் ஓட்டுகிறார்கள். அதில் மத்தளையைத் தேடினால் காடுதான் தெரியும், ஏனென்றால் மத்தள விமான நிலையம் திறக்கப்பட்டது 2013 இல். ஓடுபாதையின் பெயரும் நிரந்தரமானதன்று. அது காந்தத் திசையின் பாகையைப் பத்தால் வகுத்து எழுதப்படுவது. காந்த வடக்கு மெல்ல நகர்ந்துகொண்டே இருப்பதால், அமெரிக்காவின் டாம்பா விமான நிலையத்தில் 2011 ஜனவரியில் ஓடுபாதைகளை மூடி 18 என்றிருந்ததை 19 என்று மாற்றி எழுதினார்கள். புதிய தரவையும் பழைய நிலக்காட்சியையும் ஒன்றாக வைத்துக்கொண்டால், கணினி 19 என்று சொல்லும் இடத்தில் தரையில் 18 எழுதியிருக்கும்.

வரைபடமும் தரவுத்தளமும் ஒரே பொருளை இரு விதமாக எழுதுவது சிமுலேட்டரின் குறை மட்டும் என்று நினைத்துவிடாதீர்கள். 1995 டிசம்பர் 20 அன்று கொலம்பியாவின் காலி நகரை நோக்கி இறங்கிக்கொண்டிருந்த அமெரிக்கன் ஏர்லைன்ஸ் 965 இன் விமானிகள், 'ரோசோ' என்ற வானொலிக் குறிநிலையத்துக்கு நேராகப் போக நினைத்து, வரைபடத்தில் இருந்தபடி 'ஆர்' என்ற ஒற்றை எழுத்தைக் கணினியில் பதிந்தார்கள். தரவுத்தளத்தில் ரோசோ அதன் முழுப் பெயரில் வைக்கப்பட்டிருந்தது. 'ஆர்' என்று பதிந்ததும் பட்டியலின் தலையில் வந்தது பொகோட்டாவுக்கு அருகிலிருந்த 'ரோமியோ'. விமானம் இடப்பக்கம் திரும்பியது. பிழை தெரிந்து திரும்பி வருவதற்குள் மலை வந்துவிட்டது. 163 பேரில் 159 பேர் இறந்தார்கள். எங்கள் பிரிவில் புதிதாகச் சேர்பவர்களுக்கு இந்தக் கதை தவறாமல் சொல்லப்படும். உங்கள் சிமுலேட்டரில் ஒரு புள்ளியின் பெயரைப் பதியும்போது ஒரே பெயரில் நான்கைந்து வந்து நிற்கும் அல்லவா? தூரத்தைப் பார்க்காமல் முதலாவதைத் தொடாதீர்கள்.

'டிஸ்கொன்டினியுட்டி' என்பதைப் பார்த்ததும் ஏதோ பழுதாகிவிட்டது என்று பயந்திருக்கிறீர்கள். பல சமயங்களில் அது பழுது அல்ல, நேர்மையான ஒப்புதல். வருகைப் பாதை ஒரு புள்ளியில் முடிகிறது; அணுகல் முறை இன்னொரு புள்ளியில் தொடங்குகிறது; இடையிலுள்ள வெளியை நிஜ உலகில் கட்டுப்பாட்டாளர் குரலால் நிரப்புகிறார், 'இந்தத் திசையில் திரும்பு, இந்த உயரத்துக்கு இறங்கு' என்று. கணினிக்கு அந்தக் குரல் தெரியாது; ஆகவே 'இதற்குமேல் எனக்குத் தெரியாது' என்று எழுதி வைக்கிறது. ஏ320 இல் அந்த வரியை அழித்தால் முன்னுள்ள புள்ளியிலிருந்து அடுத்த புள்ளிக்கு ஒரு நேர்கோடு விழும். அந்தக் கோடு வரைபடத்தில் பொருளுள்ளதாக இருந்தால் மட்டும் அழியுங்கள். பின்னோக்கித் திரும்பி வரும் கோடாக இருந்தால், அணுகலைத் தொடங்கும் புள்ளியைத் தவறாகத் தெரிவு செய்திருக்கிறீர்கள் என்று அர்த்தம்.

விமானம் இறங்காததற்குக் காரணம் நீங்கள் எழுதியதை மட்டும் வைத்து என்னால் அறுதியாகச் சொல்ல முடியாது. ஆனால் பத்தில் எட்டுத் தடவை, உயரம் வைக்கும் குமிழ் பயண உயரத்திலேயே நிற்பதுதான் காரணமாக இருக்கும். கணினியில் எத்தனை அழகாக இறக்கம் எழுதப்பட்டிருந்தாலும், குமிழுக்குரிய சிறு சாளரத்தில் தெரியும் உயரத்துக்குக் கீழே ஓட்டோபைலட் இறங்காது. கட்டுப்பாட்டாளர் அனுமதித்த உயரத்தை மீறிவிடக் கூடாது என்பதற்காக வேண்டுமென்றே அப்படிச் செய்யப்பட்டிருக்கிறது. ஏ320 இல் குமிழைச் சுழற்றித் தாழ்ந்த உயரம் வைத்து, பின்னர் உள்ளே அழுத்த வேண்டும்; வெளியே இழுத்தால் வரைபடத்திலுள்ள இடைக்கட்டுப்பாடுகளை மதிக்காமல் இறங்கும். எப்போது இறங்குவது என்பதற்கு மனக்கணக்கு ஒன்று போதும்: இழக்க வேண்டிய ஆயிரம் அடிகளை மூன்றால் பெருக்குங்கள். 36,000 அடியிலிருந்து 3,000 அடிக்கு என்றால் 33 ஐ மூன்றால் பெருக்க 99 கடல் மைல். வேகம் குறைக்க இன்னொரு பத்து. கட்டுநாயக்கவிலிருந்து சென்னைக்கு மொத்தமே சுமார் 350 கடல் மைல்தான் என்பதை நினைத்தால், பாதையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு இறக்கத்திலேயே போய்விடும். சிமுலேட்டருக்குள் பேசும் கணினிக் கட்டுப்பாட்டாளர் இறங்கச் சொல்லும்வரை காத்திருந்தால் என் அனுபவத்தில் அநேகமாகப் பிந்திவிடும். அவர் சொல்வதை விட்டு இந்தக் கணக்கை நம்புங்கள்.

இனி, உங்கள் பக்கத்துப் பாதி. வரைபடத்தை நீங்கள் விமானத்தில் ஏறிய பிறகு, அதுவும் இறங்கத் தொடங்கிய பிறகு, திரையின் ஓரத்தில் திறந்து பார்க்கிறீர்கள் என்று உங்கள் எழுத்திலிருந்தே தெரிகிறது. அணுகல் வரைபடம் ஓடும்போது வாசிப்பதற்கு எழுதப்பட்ட தாள் அன்று. பயிற்சி பெற்றவர்கள் தரையிலேயே ஒருமுறை வாசித்து, இறங்குமுன் இன்னொரு முறை வாயால் சொல்லி, பின்னர் ஓரக்கண்ணால் சரிபார்ப்பதற்காக அதை அவ்வளவு நெருக்கமாக அச்சிடுகிறார்கள். நான் வைத்திருப்பது ஒரு சி.ஆர். கொப்பி. ஒவ்வொரு பறப்புக்கும் ஒரு பக்கம். மேலே ஓடுபாதையின் இலக்கத்தைப் பெரிதாக எழுதி வட்டம் போடுவேன். ஒருமுறை திருச்சியில் 27 க்குரிய தாளை வைத்துக்கொண்டு 09 இல் இறங்கப் போய், வானொலி அலைவரிசை ஏன் ஊமையாக இருக்கிறது என்று பத்து நிமிடம் கருவியைத் திட்டியவன் நான். வட்டம் அன்றிலிருந்து வந்தது. அதன் கீழே ஐந்தே விடயங்கள்: ஐ.எல்.எஸ். (ஓடுபாதைக்கு வழிகாட்டும் வானொலிக் கற்றை) அலைவரிசையும் இறுதித் திசையும். இறுதி இறக்கம் தொடங்கும் புள்ளியும் அங்கே இருக்க வேண்டிய உயரமும். ஓடுபாதை தெரியாவிட்டால் இறங்காமல் மேலேறித் திரும்ப வேண்டிய உயரம். திரும்பினால் முதலில் எந்தப் பக்கம், எவ்வளவு உயரத்துக்கு. சுற்றுப்புறத்தின் ஆகக் குறைந்த பாதுகாப்பான உயரம். கடைசியாகச் சொன்னது வரைபடத்தின் மூலையில் ஒரு வட்டமாக இருக்கும். பொதுவாக 25 கடல் மைல் ஆரைக்குள், மிக உயர்ந்த தடைக்கு மேலே 1,000 அடி இடைவெளி தரும் உயரம் அது. வழி தவறிவிட்டால் அந்த எண்ணுக்கு ஏறி நின்று யோசிக்கலாம்.

வரைபடத்தில் உயர எண்களின் கீழேயும் மேலேயும் உள்ள கோடுகளைக் கவனியுங்கள். கீழே கோடிட்ட எண்ணுக்குக் கீழே போகக் கூடாது. மேலே கோடிட்ட எண்ணுக்கு மேலே போகக் கூடாது. இரண்டும் இருந்தால் சரியாக அந்த உயரம். எந்த உயரம்வரை இறங்கலாம் என்று காட்டும் வரைபடத்தின் கடைசிக் கட்டத்தில் பல வரிகளாக எண்கள் இருப்பதைக் கண்டு குழம்பியதாக எழுதியிருந்தீர்கள். அவை ஒரே விமானத்துக்கான தெரிவுகள் அல்ல, வெவ்வேறு கருவிகளுக்கானவை. எல்.பி.வி. என்ற வரி இந்தியாவின் ககன் போன்ற செய்மதித் துணைச் சேவையைப் பயன்படுத்தும் விமானங்களுக்கு மட்டும். உங்கள் ஏ320 க்கு அது பொருந்தாது என்றே வைத்துக்கொள்ளுங்கள். இறுதி இறக்கத்தின் வேகத்துக்கு, தரைவேகத்தை ஐந்தால் பெருக்குங்கள்: 140 நொட் (மணிக்கு இத்தனை கடல் மைல்) என்றால் நிமிடத்துக்கு 700 அடி. உயரமானியில் அமுக்கத்தை மாற்ற மறந்தால் இந்தக் கணக்கு முழுவதும் சரிந்துவிடும். ஒரு ஹெக்டோபஸ்கால் ஏறக்குறைய 27 இலிருந்து 30 அடி. வங்காள விரிகுடாவில் தாழமுக்கம் நிற்கும் நாளில் சென்னையின் அமுக்கம் 1003 ஆக இருந்து, உங்கள் உயரமானி 1013 இலேயே நின்றால், காட்டும் உயரத்தைவிட 300 அடி அளவு தாழ்வாகப் பறந்துகொண்டிருப்பீர்கள்.

சந்தா விடயத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நேவிகிராஃப் போன்ற சேவையின் சந்தா மூன்று ஆவணங்களையும் ஒரே சுற்றுக்குக் கொண்டுவரும். அது உண்மையான பயன். பெயர் பொருந்தாத சிக்கல் அதனால் பெருமளவு தீரும். குமிழைத் திருப்ப மறப்பதையோ, தாளை வாசிக்காமல் ஏறுவதையோ அது தீர்க்காது. இந்தியாவின் வரைபடங்களை அந்நாட்டு விமான நிலைய அதிகாரசபையும் அமெரிக்காவின் வரைபடங்களை அந்நாட்டு விமானப் போக்குவரத்து நிர்வாகமும் இணையத்தில் இலவசமாகவே வெளியிடுகின்றன. டொலர் விலையில் மாதாமாதம் கட்டுவதற்கு முன், இலவசத் தாள்களோடு ஒரே பாதையைப் பத்துத் தடவை பறந்து பாருங்கள். பத்தாவது தடவையும் மிஞ்சுகிற குறை எதுவோ, அதற்கு மட்டும் காசு கொடுக்கலாம்.

மட்டக்களப்பைக் கடைசிக்கு வைத்ததற்குக் காரணம், உங்கள் கேள்விகளில் எனக்கு மிகவும் பிடித்தது அதுதான். 2018 இல் சிவில் பறப்புகளுக்காக மீண்டும் திறக்கப்பட்ட நம் விமான நிலையத்தில் ஐ.எல்.எஸ். கிடையாது. பட்டியல் வெறுமையாக இருந்தால் அதைக் குறையாகக் கொள்ளாதீர்கள். இப்படிப்பட்ட சிறிய நிலையங்களுக்குச் சிறிய விமானம் பகலில், வானம் தெளிந்திருக்கும்போது, கண்ணால் பார்த்தே இறங்குகிறது. சிறிய விமானங்களில் உள்ள கார்மின் ஜி1000 திரைக்கருவியின் புதிய வகைகளில் 'விஷுவல்' என்றொரு தெரிவு இருக்கும். அது ஓடுபாதைக்கு நேராக ஒரு சரிவைக் கணக்கிட்டுத் தரும், ஆனால் இடையில் மரமோ கோபுரமோ இருப்பதை அது பார்க்காது. அதையும் விட்டுவிட்டு உங்களுக்கென்று ஒரு வரைபடத்தைக் கொப்பியில் நீங்களே வரையுங்கள் என்பேன். மற்றவர் வரைந்த தாள்களை வாசிக்கப் பழகுவதற்கு இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை.

இரத்மலானையிலிருந்து நேர்கோடு சுமார் 120 கடல் மைல். திசை ஏறக்குறைய 063 பாகை. மட்டக்களப்பு ஓடுபாதை 06, 24 என்பதால், மேற்கிலிருந்து வரும் விமானம் திரும்பாமலே 06 க்கு நேராக வந்து நிற்கும். வாடைக்காற்று வீசும் மார்கழி, தை மாதங்களுக்கு இது வாய்ப்பான அமைப்பு. அந்தக் கோடு நக்கிள்ஸ் மலைத்தொடருக்கு மிக அருகே போகிறது. அங்கே சிகரங்கள் 6,000 அடியைத் தாண்டும். ஆகையால் 9,500 அடியில் வாருங்கள். கிழக்கு நோக்கிக் கண்பார்வை விதிகளின்படி பறப்பவர்களுக்கு ஒற்றைப்படை ஆயிரத்தோடு 500 சேர்ந்த உயரங்களே உரியவை. 1,000 அடிக்கு இறங்க எட்டரையை மூன்றால் பெருக்கினால் இருபத்தைந்தரை. கேரவன் என்ற சிறிய விமானத்தில் 150 நொட்டில் நிமிடத்துக்கு 750 அடி இறங்கினால் 28 வரும். முப்பது கடல் மைலில் தொடங்குங்கள். இறங்கி வரும் வழியில் உன்னிச்சைக் குளம் தெரியும், பின்னர் வவுணதீவுப் பக்கம், அதன்பின் வாவி, அப்பால் ஓடுபாதை.

ஆனி, ஆடியில் மேற்கிலிருந்து கச்சான் காற்று அடிக்கும்போது கதை வேறு. காற்று முதுகுக்குப் பின்னால் இருக்கும். 06 இல் இறங்கினால் ஓடுபாதை முடிந்த பிறகும் விமானம் ஓடிக்கொண்டிருக்கும். அப்போது நிலையத்தின் மேலாக 1,500 அடியில் கடந்து, வழமையான இடச்சுற்றில் (இடப்பக்கமாகவே திரும்பி வரும் சுற்று), ஓடுபாதையை இடப்பக்கமும் காத்தான்குடியை வலப்பக்கமும் வைத்து 060 திசையில் கடலுக்குப் போய்த் திரும்பி, 24 க்கு வர வேண்டும். கொப்பியில் 24 இன் நேர்கோட்டை வடகிழக்கே நீட்டி, 5 கடல் மைலில் ஒரு புள்ளி போட்டு 1,500 அடி என்றும், 3 கடல் மைலில் 900 அடி என்றும் எழுதுங்கள். மைலுக்கு 300 அடி என்பதே கணக்கு. இரண்டு புள்ளிகளும் கடல்மேல் விழும். கரை தாண்டியதும் என் கணக்கில் ஏறத்தாழ 2 கடல் மைலில், 600 அடியில், கல்லடிப் பாலம் மூக்கின் கீழே வரும். பாலத்துக்கு மேலே 900 அடியில் இருந்தால் உயரம் கூட, 400 இல் இருந்தால் குறைவு. இதை நிஜமான பறப்புக்கான வரைபடம் என்று யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது, மேசைக்கு மட்டும்.

இரண்டு திசையிலும் ஒருமுறை இறங்கிப் பார்த்துவிட்டு மறுபடி எழுதுங்கள். எழுதும்போது உங்கள் மூன்று ஆவணங்களின் ஏராக் இலக்கங்களையும், சென்னைப் பறப்பில் உயரச் சாளரத்தில் என்ன எண் நின்றது என்பதையும் மறக்காமல் சேர்த்துவிடுங்கள்; ஏ320 ஏன் இறங்கவில்லை என்பதில் நான் 'அநேகமாக' என்று சொல்லி வைத்திருப்பதை அப்போது 'நிச்சயமாக' என்று மாற்றவோ திரும்பப் பெறவோ முடியும்.